புளி, குரக்கன், கோப்பி: எங்கள் மலையில் ஆபிரிக்கா

 

கொஞ்சம் நீளமான பதிவு. கடையை அடைத்த பிறகோ, பிள்ளைகள் தூங்கிய பிறகோ ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

கண்டங்களைப் பற்றிப் படிப்பிக்கும்போது ஆசிரியர்கள் நாங்கள் வழமையாக ஒரு கேள்வியோடு தொடங்குவோம். "ஆபிரிக்கா என்றதும் என்ன ஞாபகம் வருது?" எந்த வருடத்துப் பிள்ளைகளாக இருந்தாலும் பதில் மாறுவதில்லை. சிங்கம், பாலைவனம், பட்டினி. பின் வாங்கிலிருந்து ஒரு குரல் "கறுப்பு" என்று சொல்லும், வகுப்பே சிரிக்கும். கொஞ்சம் படிக்கிற பிள்ளை தங்கம், வைரம், செம்பு, கொக்கோ என்று வளங்களின் பட்டியலை ஒப்புவிக்கும். பரீட்சைக்கு அது போதும்.

எங்களுக்கு அது போதவில்லை. அந்தப் பட்டியலில் வளம் இருக்கிறது, ஆள் இல்லை. நுவரெலியாவைப் பற்றிச் சுற்றுலாப் புத்தகம் போடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். தேயிலை, நீர்வீழ்ச்சி, குளிர், பழைய பங்களா. கொழுந்து பறிக்கும் அம்மா படத்தில் இருப்பார், பெயர் இருக்காது. இப்படி எழுதப்பட்ட மக்களின் பிள்ளைகளே இன்னொரு கண்டத்தை அதே விதமாகப் படிப்பதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் நாங்கள் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் குசினியிலிருந்து தொடங்குகிறோம்.

புளி. பெயரைப் பார்த்தால் இந்தியச் சரக்கு. அரபியில் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. அந்தப் பெயர்தான் ஆங்கிலத்துக்கும் போனது. ஆனால் மரத்தின் தாயகம் ஆபிரிக்கா. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்து, இந்தியாவுக்கே சொந்தம் என்று பெயரும் வாங்கிவிட்டது. குரக்கனும் அப்படித்தான். எத்தியோப்பியா, உகண்டா பக்கத்து மேட்டு நிலங்களில் அந்த மக்கள் காட்டுப் புல்லிலிருந்து தேர்ந்து தேர்ந்து பயிராக்கிய தானியம் அது. மாலையில் அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிடும் கௌபியும், நோன்பு திறக்க வெட்டி வைக்கும் வத்தகப்பழமும் ஆபிரிக்காவில் பயிராக்கப்பட்டவைதான். மாட்டுக்கு அறுக்கிற கினிப்புல்லின் பெயரிலேயே ஊர் இருக்கிறது, மேற்கு ஆபிரிக்கக் கரையின் கினி. கண்டி றோட்டில் சிவப்பாகப் பூத்து நிற்குமே, மொட்டை நசுக்கினால் தண்ணீர் பீச்சுமே, பிள்ளைகள் விளையாடுகிற அந்த மரமும் அங்கிருந்து வந்ததுதான்.

இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். "சேர், அப்ப பட்டினிக்காரங்க எங்களுக்குச் சாப்பாடு குடுத்திருக்காங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நாங்கள் சொல்ல நினைத்ததை அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டது. ஒரு தானியம் தானாகக் கடல் தாண்டி வராது. அதை விதைத்து, நல்ல கதிரைப் பொறுக்கி வைத்து, மறு வருடம் மீண்டும் விதைத்த கைகள் இருக்கின்றன.

பாலைவனத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறோம். ஆபிரிக்கா இலங்கையைப் போல 450 மடங்குக்கும் பெரியது. 54 நாடுகள், 140 கோடிக்கு மேல் மக்கள், சுமார் 2000 மொழிகள். சஹாரா அதில் ஒரு பகுதி மட்டும். எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபா 2300 மீற்றருக்கு மேல் இருக்கிறது. நுவரெலியா நகரமே 1900 மீற்றருக்குக் கிட்டத்தான். அங்கேயும் விடிய எழும்பினால் ஸ்வெட்டர் தேடத்தான் வேண்டும். இதைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

இனி கோப்பிக்கு வருவோம். சரித்திரம் அங்கேதான் இருக்கிறது.

2023இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று நினைவு கூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தவர்களில் எங்களுக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த 200 வருடத்தின் முதல் நாற்பது வருடங்களில் தேயிலைத் தோட்டமே இல்லை என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் ஆட்களை இங்கே இழுத்து வந்தது கோப்பி. கோப்பியின் தாயகம் தென்மேற்கு எத்தியோப்பியாவின் மலைக்காடுகள்.

அந்தக் காட்டில் கோப்பி பெரிய மரங்களின் நிழலில், மற்றச் செடிகளோடு கலந்து தானாக முளைக்கும். ஒரே காட்டுக்குள் பல விதமான கோப்பிச் செடிகள் இருக்கும். அங்குள்ளவர்கள் அதை 'புன்னா' என்பார்கள். அரபியில் கோப்பிக் கொட்டைக்கு 'புன்' என்றும் பானத்துக்கு 'கஹ்வா' என்றும் பெயர். 15ஆம் நூற்றாண்டில் செங்கடலுக்கு அந்தப் பக்கம் யெமனில் இருந்த சூபிகள் இரவு முழுக்க விழித்திருந்து திக்ரு செய்வதற்காகக் கோப்பி குடித்தார்கள். யெமனின் மொக்கா துறைமுகத்திலிருந்துதான் அது உலகமெல்லாம் போனது.

எத்தியோப்பியாவில் இன்றைக்கும் கோப்பி ஊற்றுவது அவசர வேலை இல்லை. தரையில் பச்சைப் புல்லைப் பரப்புவார்கள். குந்திரிக்கம் புகையும். வீட்டுப் பெண் பச்சைக் கொட்டையைக் கழுவி, சட்டியில் வறுத்து, அந்த வாசனையைச் சுற்றி இருப்பவர்களிடம் காட்டிவிட்டு, உரலில் இடித்து, 'ஜெபெனா' என்ற நீண்ட கழுத்து மண்கூசாவில் கொதிக்க வைப்பார். பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் மூன்று தடவை ஊற்றுவார்கள். முதலாவது அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. ஆம், நாங்கள் சொல்கிற அதே பரக்கத்துதான். மூன்றாவது கோப்பையைக் குடிக்காமல் எழும்புவது மரியாதை இல்லை. முஸ்லிம் வீட்டிலும் கிறிஸ்தவ வீட்டிலும் இதே முறைதான். பக்கத்து வீட்டாரைக் கூப்பிடாமல் தனியாகக் குடிக்கிற வழக்கமும் இல்லை.

வகுப்பில் இதைச் சொன்னபோது முஸ்லிம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டோம். ஹிஜ்ரத்துக்கு முதல், மக்காவில் துன்புறுத்தப்பட்ட ஸஹாபாக்கள் அடைக்கலம் தேடிப் போன அபிசீனியா இப்போது எங்கே இருக்கிறது? நஜ்ஜாஷி மன்னரின் கதை எல்லோருக்கும் தெரியும். பிலால் (ரழி) அவர்களின் பெயர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அந்த நாடுதான் வரைபடத்தில் உள்ள எத்தியோப்பியா என்பதைச் சட்டென்று சொல்ல ஒரு பிள்ளையாலும் முடியவில்லை. மதரஸாவில் படித்த நாடு வேறு, பாடசாலையில் படித்த நாடு வேறு என்று இருந்திருக்கிறது. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் அதே நாட்டில் பங்குண்டு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரசர் கிறிஸ்தவத்தை ஏற்ற மண் அது. லாலிபெலாவில் ஒரே பாறையை மேலிருந்து கீழே குடைந்து செய்த தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. எல்லோரா கைலாசநாதர் கோயிலின் படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

சரி, அந்தச் செடி இங்கே என்ன ஆனது?

ஆங்கிலேயருக்கு முன்பே இலங்கையில் கோப்பி இருந்தது. கண்டிப் பக்கத்தில் அதன் பூவை விகாரைக்கு வைத்தார்கள், இலையைக் கறிக்குப் போட்டார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்லும். ஒல்லாந்தர் கரையோரத்தில் பயிரிட்டுப் பார்த்தார்கள், பெரிதாகச் சரிவரவில்லை. 1815இல் கண்டி இராச்சியம் விழுந்தது. 1820களில் கம்பளைக்குக் கிட்ட சின்னபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் தானே கன்னொறுவவில் பயிரிட்டார். கிராமத்து மக்கள் வீட்டுத் தோட்டத்தில் காய்த்த கோப்பியும் விலைக்குப் போனது. அதை வாங்கித் தவள மாடுகளில் ஏற்றி இறக்கியவர்களில் எங்கள் மூதாதையரும் உண்டு. மலைநாட்டில் முஸ்லிம்களின் வியாபாரக் கதை சொல்வோர் இந்தத் தவளத்தை மறந்துவிடக் கூடாது.

1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம் உறுதி காட்ட முடியாத நிலத்தையெல்லாம் அரசுக்கு உரியதாக்கியது. காடும் சேனையும் துரைமார் கைக்குப் போயின. கண்டிக் கிராமத்தவன் தன் மாடு மேய்ந்த மலையை இழந்தான். கூலிக்கு அவன் வரமாட்டான் என்றதும் தமிழ்நாட்டின் பஞ்சப்பட்ட ஊர்களிலிருந்து ஆட்களைக் கங்காணிமார் கூட்டி வந்தார்கள். படகில் மன்னார்க் கரைக்கு, அங்கிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடை. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்கு மீசான் கல்லும் இல்லை, சமாதியும் இல்லை.

மன்னாரில் ஒரு பெருக்கமரம் நிற்கிறதே, பல ஆள் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத அடி மரம், அதுவும் ஆபிரிக்க மரம்தான். அரபு வியாபாரிகள் கொண்டு வந்ததென்று சொல்வார்கள். எங்கள் ஆட்கள் வந்து இறங்கிய கரையிலேயே ஆபிரிக்கா முதலே வந்து வேரூன்றி நின்றிருக்கிறது.

கோப்பி வேலை வருடம் முழுக்க இருக்காது. பழம் பறிக்கிற சில மாதங்களுக்கு வந்து, சம்பளத்தோடு ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் அதிகம். காடு வெட்டி வெட்டிக் கோப்பி மேலே மேலே ஏறியது. 1867இல் கோப்பி மூட்டையை இறக்கத்தான் கொழும்பு - கண்டி ரயில் பாதை வந்தது. இரண்டே வருடம். 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். கோப்பித் துரு நோய். அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே 'நாசகாரி' என்ற பொருள் இருக்கிறது. காற்றில் பறக்கிற பூஞ்சணம். இலை உதிர்ந்து, காய்ப்பு குறைந்து, இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் மொட்டையாகின. வங்கி முறிந்தது, துரைமார் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆட்களும் கூட்டம் கூட்டமாகத் திரும்பிப் போனார்கள்.

ஏன் இப்படி ஆனது? 1880இல் இதை ஆராய வந்த ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் சொன்ன காரணத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க நாங்கள் அதிக நேரம் எடுக்கிறோம். இடைவெளியே இல்லாமல் மலை மலையாக ஒரே பயிர். காற்றைத் தடுக்க மரமில்லை. ஒரு செடியில் விழுந்த தூள் அடுத்த செடிக்குப் போகத் தடையே இல்லை. எத்தியோப்பியக் காட்டில் கோப்பி நிழலில் வாழ்ந்தது, பல இனமாக வாழ்ந்தது. உலகெங்கும் பரவிய அரபிக்கா கோப்பியோ யெமன் வழியாக வெளியே வந்த சில செடிகளின் சந்ததி. ஒன்றுக்கு வருத்தம் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.

எங்கள் பார்வையில் ஆங்கிலேயர் ஆபிரிக்காவின் செடியை எடுத்தார்கள், அந்தச் செடியோடு வாழ்ந்த மக்களின் அறிவை எடுக்கவில்லை. வளம் என்பது செடி மட்டும் என்று நினைத்தார்கள். எங்கள் பாடப்பட்டியலும் இன்னும் அப்படித்தான் நினைக்கிறது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் வந்தது. கொழுந்து வருடம் முழுக்க வரும், ஆகவே ஆளும் வருடம் முழுக்க வேண்டும். வந்து போனவர்கள் லயத்தில் தங்கினார்கள். தங்கினவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

கதை இங்கே முடியவில்லை. 1903இல் தேயிலை கென்யாவுக்குப் போனது. முதலில் லிமுருவில், பிறகு கெரிச்சோ மலைகளில். பச்சைச் சரிவு, மழை, குளிர். கெரிச்சோவின் படத்தைப் பெயர் சொல்லாமல் காட்டினால் எங்கள் பிள்ளைகள் "தலவாக்கலை" என்கிறார்கள். அந்த மண்ணில் வாழ்ந்த கிப்சிகிஸ், தலாய் மக்களை ஆங்கிலேயர் விரட்டிவிட்டுத்தான் பெருந்தோட்டம் போட்டார்கள். அவர்களின் முறைப்பாடு ஐ.நா. வரை போயிருக்கிறது. இன்றைக்கு உலகில் மிக அதிகமாகக் கறுப்புத் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடு கென்யா. ஆபிரிக்கா கோப்பி தந்தது, தேயிலையை வாங்கிக்கொண்டு போட்டிக்கு நிற்கிறது.

அங்கே ஒரு வித்தியாசமும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு 1964இல் சிறு விவசாயிகளின் தேயிலைக்கென்று கென்யா ஒரு அதிகார சபையைத் தொடங்கியது. இப்போது 5 இலட்சத்துக்கு மேற்பட்ட சிறு தேயிலைக்காரர்கள் தங்கள் சொந்தத் துண்டு நிலத்தில் கொழுந்து பறித்துக் கொடுக்கிறார்கள். அதை அரைக்கிற தொழிற்சாலைகளில் அவர்களுக்கே பங்கும் உண்டு. அது சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. போனஸ் குறைவு, நிர்வாகம் சரியில்லை என்று அங்கேயும் சண்டை நடக்கிறது. ஆனால் காணி அவனுடையது. இலங்கையிலும் பெரும்பகுதிக் கொழுந்து சிறு தோட்டக்காரர்களிடமிருந்துதான் வருகிறது. அவர்களில் அதிகமானோர் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம். ஐந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்த எங்கள் மலையில்தான் 7 பேர்ச்சஸ் காணிக்கு இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பகுதியில் கேள்வி கேட்கத் தொடங்கினால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார்கள்.

இப்போது அந்த வேறு விசயம். முடி சுருண்ட ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை "காப்பிலி" என்று கூப்பிடுவதை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வீட்டில் பெரியவர்களும் செல்லமாகச் சொல்வதுண்டு. 'காபிர்' என்ற அரபுச் சொல்லைத்தான் அரபு வியாபாரிகள் கிழக்கு ஆபிரிக்க மக்களுக்குச் சொன்னார்கள். போர்த்துக்கேயர் அதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தென்னாபிரிக்காவில் அது இன்று வாயில் எடுக்கக் கூடாத சொல். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இலங்கைக்குக் கொண்டு வந்த ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் புத்தளத்துக்குக் கிட்ட சிரம்பியடியில் இன்றும் இருக்கிறார்கள். கண்டிப் போர்களில் ஆங்கிலேயப் படையில் இந்த மலைகளில் ஏறிய ஆபிரிக்கச் சிப்பாய்களும் இருந்தார்கள். சிரம்பியடிப் பெரியவர்களின் வாயில் போர்த்துக்கேயக் கலப்பு மொழி கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் போத்தலும் கூடத் தாளமாகிற 'மஞ்சா' பாட்டும் அவர்களிடம் உண்டு.

டவுனில் "தோட்டக்காட்டான்" என்று கேட்டு முகம் சுருங்குகிற அதே பிள்ளைதான் வகுப்பில் "காப்பிலி" என்கிறது. இதை நாங்கள் திட்டிச் சொல்வதில்லை. இரண்டு சொல்லையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம். அவ்வளவுதான். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாது.

மஞ்சா தாளத்தைச் சொன்னால் தப்பும் வந்துவிடும். பிரட்டுக்குக் கூப்பிட ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, மரண வீட்டுக்கு ஒரு அடி. காது கேட்டால் என்ன செய்தி என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மேற்கு ஆபிரிக்காவின் யொருபா மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களின் மொழியில் ஒரே சொல் ஏற்றி இறக்கிச் சொன்னால் பொருள் மாறும். அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே வாசிக்கிற பறையைச் செய்தார்கள். கக்கத்தில் வைத்து வாரை அழுத்த அழுத்தக் குரல் மாறும். பறை உண்மையாகவே பேசும். தப்படிக்கிற மாமாவின் மகன் ஒருவன் இதன் வீடியோவைப் பார்த்துவிட்டு, வகுப்பில் அதுவரை வாய் திறக்காதவன், மேசையில் மூன்று அடியையும் அடித்துக் காட்டினான்.

எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொரு ஆபிரிக்கர் இப்னு பதூதா. "அவர் அரபி இல்லையா சேர்?" என்பார்கள். பிறந்தது மொறோக்கோவின் தன்ஜீரில், 1304இல். அதுவும் ஆபிரிக்காதான். 1344இல் இலங்கை வந்து பாவா ஆதம் மலையில் ஏறினார். மஸ்கெலியாப் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற அதே மலை. ஏறுவதற்கு பாபா வழி, மாமா வழி என்று இரண்டு இருப்பதையும், மாமா வழி லேசு என்பதையும், பிடித்து ஏறுகிற சங்கிலிகளையும் எழுதி வைத்தார். எட்டு வருடம் கழித்து 1352இல் சஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்குப் போனார். வழிப்போக்கனுக்குக் கள்வர் பயமில்லாத நாடு, அநியாயத்தை வெறுக்கிற மக்கள், பிள்ளைகள் குர்ஆனை மனனம் செய்வதில் கடும் கண்டிப்பு என்று மெச்சினார், பிடிக்காததையும் மறைக்காமல் எழுதினார். அதே மாலியின் மன்ஸா மூஸா 1324இல் ஹஜ்ஜுக்குப் போகிற வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்ததால் அங்கே தங்கத்தின் விலையே இறங்கியது. திம்புக்துவில் பரம்பரை பரம்பரையாகக் குடும்பங்கள் பெட்டிகளில் காத்த கையெழுத்து நூல்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் உண்டு.

எகிப்தின் உறாபி பாஷாவையும் விட முடியாது. ஆங்கிலேயரை எதிர்த்ததற்காக 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1901 வரை இங்கே இருந்தார். கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் இருக்கிறது. சித்தி லெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் 1892இல் கொழும்பில் ஸாஹிராவைத் தொடங்கியபோது பக்கத்தில் நின்றவர் அவர். எங்கள் சமூகம் நவீன கல்விக்குள் கால் வைத்தபோது ஒரு ஆபிரிக்கரின் கையும் கூட இருந்தது.

இப்போது ஒரு உதவி கேட்கிறோம். பழைய கோப்பிச் செடிகள் லயங்களுக்குப் பின்னாலும் காட்டு ஓரங்களிலும் ஆங்காங்கே இன்னும் நிற்பதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். உங்கள் டிவிசனில் அப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் கோப்பி வறுத்து இடித்த உரலோ, தகரமோ இருந்தாலும் பரவாயில்லை. கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு இடிக்கிற ஆச்சிமார் யாராவது ஒரு நாள் வகுப்புக்கு வந்து செய்து காட்டினால் இன்னும் நல்லது. அடுத்த தவணையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வைக்க வேண்டும். செம்மஞ்சள் தூள் இன்னும் இருக்கும்.